கருவி ஒலித்த பின்

அறுவடை முடிந்து, அடுத்த விதைப்புக்காக உழுது போட்ட வயல்களில் இங்கிலாந்தின் இலையுதிர்காலத்து விடுமுறை நாள்களில் ஒரு காட்சியைக் காணலாம். நீண்ட தடியொன்றைக் கையில் ஏந்திச் சிலர் மெல்ல நடப்பர். தடியின் அடியில் தட்டுப் போன்ற வட்டு ஒன்று இருக்கும். கதிர் அறுப்பவர் அரிவாளை வீசுவதுபோல் அவ்வட்டை மண்ணுக்குச் சற்று மேலே இடமும் வலமுமாக வீசிச் செல்வர். காதில் ஹெட்ஃபோன்; கண்கள் தரையில்; இடுப்பில் ஒரு சிறு மண்வெட்டி. அவர்களுள் பணி ஓய்வு பெற்ற முதியவர் இருப்பார். வார விடுமுறையில் வந்த செவிலியர் இருப்பார். தாத்தாவின் பின்னே ஓடிவரும் சிறுமியும் இருப்பாள். மழைத்தூறலில் நனைந்து, சேற்றில் கால் புதைய, நாள் முழுதும் நடந்து, மாலையில் அவர்கள் வீட்டுக்குக் கொண்டு செல்வது பெரும்பாலும் இரண்டு துருப்பிடித்த ஆணிகளும் ஒரு பித்தளைப் பொத்தானுமே. ஆயினும் அடுத்த வாரம் அவர்கள் மீண்டும் வருவர்.

இப்பொழுதுபோக்கில் அப்படி என்ன இன்பம்? புதையல் ஆசை என்று பலர் எளிதாக விடை கூறிவிடுவர். அவ்விடை எனக்கு நிறைவளிக்கவில்லை. பொன் ஒன்றே நோக்கமாயின், பத்து ஞாயிறுகள் வெறுங்கையோடு திரும்பியவர் பதினோராம் ஞாயிறு வரமாட்டார். அவர்களை வயலுக்கு இழுப்பது வேறொன்று. அது யாது என்பதையும், அந்த இன்பத்துக்கு எங்கே எல்லை வகுக்க வேண்டும் என்பதையும் இக்கட்டுரையில் கூற விரும்புகிறேன்.

முதலில் கருவியைப் பற்றிச் சில சொற்கள். டெல்லியிலோ மும்பையிலோ வாழும் நீங்கள் இதன் உறவினரை நன்கு அறிவீர்கள். மெட்ரோ நிலையத்தின் நுழைவாயிலில் காவலர் ஒரு சிறு கோலை உங்கள் சட்டைப்பையருகே கொண்டுவரும்போது, உள்ளே சாவி இருந்தால் அது ஒலிக்கிறதன்றோ? வயலில் வீசப்படும் மெட்டல் டிடெக்டரும், அதாவது உலோகம் கண்டறியும் கருவியும், அதே வழியில்தான் இயங்குகிறது. வட்டுக்குள் கம்பிச்சுருள் உள்ளது. அதில் மாறிக்கொண்டே இருக்கும் மின்னோட்டம் பாயும்போது, சுற்றிலும் மாறும் காந்தப்புலம் உண்டாகிறது. அப்புலத்துக்குள் ஓர் உலோகத் துண்டு அகப்பட்டால், அதனுள் சுழல் மின்னோட்டங்கள் எழுகின்றன. அவை தமக்கெனச் சிறு காந்தப்புலம் ஒன்றை உண்டாக்குகின்றன. அதனைக் கருவி உணர்ந்து ஒலியாக மாற்றுகிறது. ஒரு நாணயத்தை ஏறத்தாழ ஒரு சாண் ஆழம் வரை உணரலாம். அதற்கும் கீழே பெரிய பானை நிறையக் காசு இருந்தாலன்றிக் கருவி பேசாது.

இதன் வரலாறு ஒரு மருத்துவமனைக் கட்டிலிலிருந்து வளர்ந்தது எனலாம். 1881-இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கார்ஃபீல்டு சுடப்பட்டார். அவர் உடலில் தங்கிய குண்டைக் கண்டறியத் தொலைபேசியால் புகழ்பெற்ற அலெக்சாண்டர் கிரகாம் பெல் ஒரு கருவியோடு வந்தார். கருவி தெளிவாக விடை கூறவில்லை. மெத்தையில் இருந்த எஃகுக் கம்பிகள் அதனைக் குழப்பின. போதாக்குறைக்கு, தலைமை மருத்துவர் உடலின் ஒரு பக்கத்தை மட்டுமே சோதிக்க இசைந்தார். குண்டோ மறுபக்கம் இருந்தது. பின்னர் இரண்டாம் உலகப்போரில் போலந்து நாட்டு அதிகாரி யூசெஃப் கொசாட்ஸ்கி, மண்ணில் புதைத்த கண்ணிவெடிகளைக் கண்டறிய ஒருவர் கையில் ஏந்திச் செல்லத்தக்க கருவியை வடிவமைத்தார். 1942-இல் எல் அலமைன் போரில் அது பயன்பட்டது. உயிரைக் காக்கப் பிறந்த கருவி, போர் முடிந்தபின் பொழுதுபோக்காளர் கைக்கு வந்தது.

இனி இன்பத்துக்கு வருவோம். கருவி ஒலித்த கணத்துக்கும், மண்ணை விலக்கிப் பார்க்கும் கணத்துக்கும் இடையே ஒரு சிறு பொழுது உண்டு. மண்ணுக்குள் ஏதோ இருப்பது உறுதி. இன்னது என்பது தெரியாது. அந்த இடைவெளியில்தான் இப்பொழுதுபோக்கின் உயிர் இருக்கிறது என்பேன். பழகிய செவி ஒலியைக் கேட்டே ஓரளவு ஊகிக்கும். இரும்பு ஒருவிதமாகவும் வெள்ளி வேறுவிதமாகவும் ஒலிக்கும். இக்காலக் கருவிகள் எண்ணால் குறிப்புக் காட்டவும் செய்கின்றன. ஆயினும் இயற்கை இங்கே ஒரு குறும்பு செய்கிறது. குளிர்பானக் குவளையின் மூடியிலிருந்து இழுத்தெறிந்த அலுமினிய வளையமும், சிறு பொன் மோதிரமும் பெரும்பாலும் ஒரே குறிப்பையே தருகின்றன. குப்பை வேண்டாம் என்று அந்த ஒலியை ஒதுக்குபவர் பொன்னையும் ஒதுக்கிவிடுவார். ஆகவே, நூறு அலுமினிய வளையங்களைத் தோண்டியவருக்குத்தான் நூற்றொன்றாவது முறை மோதிரம் கிட்டும். இவ்விளையாட்டில் பொறுமைதான் திறமை.

எல்லா வயதினரும் இதில் சமமாக நிற்பதற்குக் காரணமும் அதுவே. ஓட்டப் பந்தயத்தில் தாத்தா பேரனிடம் தோற்பார். சதுரங்கத்தில் பேரன் தாத்தாவிடம் தோற்பான். வயலில் அந்த வேறுபாடு இல்லை. 2009-இல் எசெக்ஸ் பகுதியின் ஹாக்லி என்னும் ஊரில், தந்தையோடும் தாத்தாவோடும் சென்ற மூன்று வயதுச் சிறுவனின் கருவி ஒலித்தது. தோண்டிப் பார்த்தால், ஏறத்தாழ 500 ஆண்டுப் பழைமையுடைய பொற்பதக்கம்! அக்குழந்தைக்கு அப்போது அதன் பழைமை விளங்கியிருக்க வாய்ப்பில்லை. மண் தனக்கு ஒன்றைக் காட்டியது என்பது மட்டும் விளங்கியிருக்கும். ஐந்து தலைமுறைக்கு முன் ஓர் உழவரின் சட்டையிலிருந்து விழுந்த பொத்தானைக் கையில் வைத்துப் பார்க்கும் முதியவர் அடைவதும் அதே வியப்புத்தான். அவ்வுழவருக்குப் பின் அதனைத் தொடும் முதற்கை தன்னுடையது என்ற எண்ணத்துக்கு விலை கூற இயலாது.

இதுவரை இன்பத்தைப் புகழ்ந்தேன். இனி, அந்த இன்பத்தைப் பெரிதாக்குவது எது என்று கூற ஒரு நிகழ்ச்சியைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

1992 நவம்பர் மாதம். சஃபோக் பகுதியில் ஹாக்ஸன் என்னும் சிற்றூர். அங்கே ஓர் உழவர் தம் சுத்தியலை வயலில் தொலைத்துவிட்டார். அதைத் தேடித் தருமாறு, தோட்டக்காரராகப் பணிபுரிந்து ஓய்வு பெற்ற எரிக் லாஸ் என்பவரைக் கேட்டுக்கொண்டார். லாஸ் கருவியோடு சென்றார். கருவி ஒலித்தது. மண்ணை விலக்கியபோது வெள்ளிக் கரண்டிகளும் பொன்னணிகளும் காசுகளும் தென்பட்டன. சிலவற்றை எடுத்தவர், பள்ளத்தில் இன்னும் நிறைய இருப்பதை உணர்ந்தார். அந்நிலையில் நம்மில் பலர் என்ன செய்வோம்? இருட்டும்வரை தோண்டுவோம். அவர் தோண்டுவதை நிறுத்தினார். நில உரிமை பெற்றிருந்த மாவட்ட மன்றத்துக்கும் காவல்துறைக்கும் செய்தி சென்றது. மறுநாள் தொல்லியல் அறிஞர்கள் வந்து முறைப்படி அகழ்ந்தனர். 14,865 ரோமானியக் காசுகளும், ஏறத்தாழ 200 பொன், வெள்ளிப் பொருள்களும் வெளிப்பட்டன.

அவர் நிறுத்தியதால் நாம் பெற்றது யாது? காசுகள் எப்படியும் கிடைத்திருக்கும். ஆனால் அவை அனைத்தும் ஒரு கருவாலி மரப்பெட்டிக்குள் இருந்தன என்பதும், அதற்குள் சிறு பெட்டிகளிலும் பைகளிலும் துணியிலுமாக வகை வகையாக அடுக்கப்பட்டிருந்தன என்பதும் கிடைத்திருக்கமாட்டா. மரம் மட்கி மண்ணாகியிருந்தது. கீல்களும் பூட்டுகளும் மட்டும் தத்தம் இடத்தில் கிடந்தன. அந்த இடங்களைக் குறித்துக்கொண்டதால், மறைந்துபோன பெட்டியை அறிஞர்கள் மனக்கண்ணில் மீண்டும் கட்டினர். அவசரமாக வீசிய கொள்ளைப் பொருள் அன்று அது. யாரோ ஒருவர் தம் வீட்டுச் செல்வத்தைப் பரிவோடு அடுக்கி மறைத்துவைத்தது. ரோமானியர் ஆட்சி பிரிட்டனில் தளர்ந்த காலம். பெட்டியில் இருந்த காசுகளின்படி அது கி.பி. 407-க்குப் பிறகு புதைக்கப்பட்டது. வைத்தவர் திரும்பவே இல்லை.

அப்பெட்டியில் நமக்கு நெருங்கிய பொருள் ஒன்றும் இருந்தது. சிறிய வெள்ளி மிளகுத்தூள் குப்பிகள் நான்கு. அவற்றுள் ஒன்று அணிகலன் பூண்ட ஒரு பெண்ணின் உருவம். அதன் அடித்தட்டைத் திருப்பினால் மிளகை நிரப்பலாம். இன்னும் திருப்பினால் தூவலாம். மேலும் திருப்பினால் மூடிவிடலாம். அக்காலத்தில் மிளகு பிரிட்டனில் விளையவில்லை, இன்றும் விளைவதில்லை. அது மேற்குத் தொடர்ச்சி மலையில் கொடியாகப் படர்ந்து, சேர நாட்டுக் கரையிலிருந்து கடல் கடந்து சென்ற பொருள். முசிறித் துறைக்கு வந்த யவனர் பொன்னைத் தந்து மிளகை ஏற்றிச் சென்ற செய்தியைச் சங்கப் பாடல்கள் கூறுகின்றன. எகிப்தின் செங்கடல் துறைமுகமான பெரனீகேயில், இந்தியாவில் வனைந்த தாழியொன்றில் ஏழு கிலோவுக்கும் மேற்பட்ட மிளகு அப்படியே கிடைத்திருக்கிறது. உங்கள் பாட்டி ரசத்துக்கு இடிக்கும் அதே மிளகு, ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்கு முன் ஹாக்ஸன் பக்கத்து விருந்தொன்றில் வெள்ளிக் குப்பியிலிருந்து தூவப்பட்டிருக்கிறது. ஊர் விட்டு ஊர் வந்து வாழ்வது மனிதருக்கு மட்டும் உரியது என்று எண்ணாதீர்கள்.

லாஸுக்குப் பரிசாக 17.5 லட்சம் பவுண்டு கிடைத்தது. சட்டம் வற்புறுத்தாதபோதும் அதனைச் சுத்தியல் தொலைத்த உழவரோடு அவர் பகிர்ந்துகொண்டார். ஆம், சுத்தியலும் கிடைத்தது. இன்று அது லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் உடைமை.

பொருள் கிடந்த இடமும் ஒரு பொருளே என்பதற்கு இன்னொரு சான்று போதும். 2010-இல் ஃப்ரூம் என்னும் ஊரருகே, மருத்துவமனையில் சமையற்காரராகப் பணியாற்றிய டேவ் கிரிஸ்ப் ஒரு பானையைக் கண்டார். அவரும் தோண்டாமல் நிறுத்தினார். பானைக்குள் 52,503 காசுகள். அறிஞர்கள் அவற்றை அள்ளிக் கொட்டவில்லை. அடுக்கடுக்காக எடுத்து எண்ணினர். ஆண்டுதோறும் சிறிது சிறிதாகச் சேர்த்த உண்டியலாயின், புதிய காசுகள் மேலேயும் பழையவை கீழேயும் இருக்க வேண்டும். இங்கே கராசியஸ் என்னும் அரசன் காலத்துப் புதிய காசுகள் பெரும்பாலும் பானையின் கீழ்ப்பாதியில் கிடந்தன. ஆகவே அனைத்தும் ஒரே நேரத்தில் கொட்டப்பட்டவை என்ற முடிவுக்கு வந்தனர். மண்ணுக்குக் கொடுத்த காணிக்கையோ என்னும் கேள்வியும் பிறந்தது. காசுகளைச் சாக்கில் வாரியிருந்தால் அந்தக் கேள்வியே பிறந்திருக்காது.

நிறுத்தாதவர்களின் கதையும் உண்டு. 2015-இல் லெம்ஸ்டர் அருகே இருவர், ஏறத்தாழ 300 வெள்ளிக் காசுகள் அடங்கிய புதையலைக் கண்டனர் என மதிப்பிடப்பட்டது. அவர்கள் அறிவிக்கவில்லை, மறைத்து விற்றனர். 2019-இல் சிறைத்தண்டனை பெற்றனர். மீட்கப்பட்டவை முப்பதை ஒட்டிய காசுகளே. இழப்பு வெள்ளியின் எடையில் இல்லை. ஒன்பதாம் நூற்றாண்டில் ஆல்ஃபிரட், சியோல்வுல்ஃப் என்னும் இரு மன்னர்கள் அண்டை நாடுகளை ஆண்டனர். பிற்காலத்து நாளேடு ஆல்ஃபிரடைப் போற்றி, சியோல்வுல்ஃபை அறிவிலி என்று தள்ளியது. காசுகளோ இருவரும் ஒத்த நிலையில் கூட்டாகச் செயல்பட்டதைக் காட்டுகின்றன. வென்றவர் எழுதிய வரலாற்றைத் திருத்தும் சாட்சிகள் அவை. அவற்றில் பெரும்பகுதி இன்று எவர் பெட்டியில் உள்ளதோ! அதே ஆண்டு வாட்லிங்டன் என்னும் இடத்தில் அதே காலத்துப் புதையலொன்று வேறொருவருக்குக் கிடைத்தது. அவர் முறையாக அறிவித்தார். அக்காசுகள் இன்று ஆக்ஸ்ஃபோர்டின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் உள்ளன. எவரும் சென்று பார்க்கலாம்.

இப்பொழுதுபோக்கையே தடை செய்தாலென்ன என்று கேட்போர் உளர். அயர்லாந்து அவ்வழியைத்தான் கொண்டது. அங்கே 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி, உரிமம் இன்றித் தொல்பொருள் தேடுவது குற்றம். இங்கிலாந்து வேறு வழி கொண்டது. நிலத்துக்குரியவரின் இசைவு வேண்டும். காக்கப்பட்ட இடங்களில் கருவியை எடுத்துச் செல்லக் கூடாது. புதையல் கிடைத்தால் 14 நாள்களுக்குள் அறிவிக்க வேண்டும். புதையல் எனக் கருதப்படாத சிறு பொருள்களையும் பதிந்துகொள்ள 1997 முதல் ஒரு திட்டம் நடைபெறுகிறது. பதிவான பொருள்கள் 15 லட்சத்தைத் தாண்டிவிட்டன. பகுதிதோறும் இதற்கென அலுவலர் இருக்கிறார். ஒரு சிறுமி தான் கண்ட பொத்தானைக் கொண்டுசென்றால், அவர் அதைப் பார்த்துக் காலம் கூறுவார். ஏர் உழுது ஏற்கெனவே கலைந்த மேல்மண்ணில்தான் பெரும்பாலோர் தேடுகின்றனர் என்பதும் நினைவில் கொள்ளத் தக்கது. இவ்வேற்பாடுகள் இருக்கும்வரை இங்கிலாந்தின் வழி சரியென்றே நான் கருதுகிறேன். தடை செய்தால் நேர்மையானவர் வீட்டில் இருப்பார்; இரவில் திருட்டுத்தனமாகத் தோண்டுபவர் வயலுக்குப் போவார்.

ஆனால் அதே வழியை அப்படியே இந்தியாவுக்குக் கொண்டுவரலாமா என்றால், இப்போது கூடாது என்பதே என் கருத்து. இங்கே மாவட்டந்தோறும் பொத்தானுக்குக் காலம் கூறும் அலுவலர் இல்லை. மேலும், நம் மண்ணின் இயல்பு வேறு. இங்கே ஊருக்கு அடியில் ஊர், அதற்கும் அடியில் ஊர் என்று மேடுகள் உயர்ந்துள்ளன. கீழடியை எண்ணிப் பாருங்கள். அங்கே நம்மை வியக்க வைத்தவற்றுள் முதன்மையானவை, தமிழி எழுத்துகள் கீறப்பட்ட பானை ஓடுகள். ஓட்டுக்குக் கருவி ஒலிக்காது. சுடுமண்ணை அது அறியாது. செப்புக் காசொன்றின் ஒலியைக் கேட்டு ஒருவர் குழி பறித்தால், காசு கைக்கு வரும். ஒருவேளை ஒரு மனிதரின் பெயர் எழுதிய ஓடு மண்வெட்டியில் நொறுங்கும். கரூரில் அமராவதி ஆற்று மணலைச் சலித்தவர்களால் சேரர் காசுகளும் ரோமானியக் காசுகளும் கிடைத்தன. அவற்றால் நாம் அறிந்தவை பல. எனினும் அவை எந்த வீட்டிலிருந்து, எந்த அடுக்கிலிருந்து வந்தன என்பதை இனி ஆறும் சொல்லாது.

அப்படியானால் டெல்லியிலோ கொல்கத்தாவிலோ அகமதாபாத்திலோ வாழும் நீங்கள் இந்த இன்பத்தை அடையவே இயலாதா? இயலும். தொலைந்த சாவியையோ மோதிரத்தையோ உங்கள் வீட்டுத் தோட்டத்தில் தேட எந்தச் சட்டமும் தடையாக இராது. ஆசிரியர் துணையோடு கம்பிச்சுருளும் மின்கலமும் கொண்டு எளிய கருவி ஒன்றைப் பள்ளி ஆய்வகத்தில் செய்து பார்க்கலாம். மணல் தொட்டியில் நண்பர் ஒளித்த காசைக் கண்டறியலாம். ஆனால் துக்ளகாபாத் கோட்டையின் அருகிலோ, ஊருக்குச் செல்லும்போது காணும் பழைய மேட்டிலோ தோண்டாதீர்கள். காக்கப்பட்ட இடங்களில் உரிமமின்றி அகழ்வதை 1958-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. அங்கே கண்ணே கருவி. மழைக்குப் பின் மேற்பரப்பில் கிடக்கும் ஓட்டையோ காசையோ கண்டால், அது கிடந்த நிலையிலேயே படம் எடுங்கள். அருகில் என்ன மரம், எந்தத் திசையில் கோயில் அல்லது கிணறு என்று எழுதிவையுங்கள். பின்னர் ஆசிரியரிடமும் தொல்லியல் துறையிடமும் கூறுங்கள்.

புதையலே கிடைத்துவிட்டால்? அதற்கும் ஒரு பழைய சட்டம் இருக்கிறது. 1878-இல் இயற்றிய இந்தியப் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்திருந்த பொருளின் மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினால் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து வடிவில் அறிவிக்க வேண்டும். அன்றைய பத்து ரூபாய் பெருந்தொகை. இன்று ஒரு கோப்பைத் தேநீருக்கும் போதாது. அவ்வறிவிப்பில் என்ன கிடைத்தது, எவ்வளவு கிடைத்தது என்பவற்றோடு, எந்த இடத்தில், எந்த நாளில் கிடைத்தது என்றும் எழுதவேண்டும் என்று அச்சட்டம் கேட்கிறது.